மலையேறும் விளையாட்டும் மலைநாட்டு மாணவரும்

கல்லூரியின் விழா மலருக்குத் தமிழாசிரியர் ஒருவர் கட்டுரை வரைகின்றார் எனில், அது சங்கச் செய்யுட் சுவை பற்றியதாகவோ, சமய குரவர் பணி பற்றியதாகவோ இருக்குமென எதிர்பார்த்தல் இயல்பு. பழைய மாணவர் பலர் அவ்வெண்ணத்துடனேயே இப்பக்கத்தைப் புரட்டியிருப்பர். ஆயின், நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் கைத்தொலைபேசியில் ஆடப்படும் ஒரு விளையாட்டு. மூத்தோர் சிலர் முகஞ் சுளிப்பர் என்பதை அறிவோம். எனினும், தம் மாணாக்கர் நெஞ்சத்தை ஆட்கொண்டிருக்கும் ஒன்றை ஆசிரியர் அறியாதிருத்தல், தம் வயலுக்கு நீர் எவ்வாய்க்கால் வழியே வருகின்றதென உழவர் அறியாதிருத்தலை ஒக்கும். ஆதலின் அன்பர்கள் பொறுத்தருள்க.

வேடம் புனைந்து வேறொருவராய் வாழ்ந்து பார்க்கும் ஆட்டம் எம் மலைநாட்டுக்குப் புதிதன்று. மாசித் திங்கள் பிறந்துவிட்டால் தோட்டந்தோறும் தப்பு முழங்கும். காமன் பொட்டலிற் கம்பம் ஊன்றப்படும். பகலெல்லாம் மலையில் உழைத்த தொழிலாளி இரவில் மன்மதனாவான், மற்றொருவன் இரதியாவான். சிவனார் நெற்றிக்கண்ணால் மதனன் எரிவதும், இரதி புலம்பி மன்றாடுவதும், மாண்டவன் மீள்வதும் அங்கே கதையாக மட்டும் நில்லா. நோன்பிருந்து ஆடுவோர்க்கு அவை வாழ்வாகவே மாறும். அருச்சுனன் தபசில் தவமரம் ஏறுவோனைக் கண்டு கைகூப்பாத தாய்மார் இலர். பொன்னர் சங்கர் கதையும் அவ்வாறே. ஆகவே, இன்றைய பிள்ளை தொலைபேசித் திரையில் வாளேந்திய வீரனாய் உலவுகின்றான் எனில், அவன் பாட்டன் செய்யாததொன்றை அவன் செய்யவில்லை. வேறுபாடு எங்கேயுளது என்பதே எமது வினா.

2020 ஆம் ஆண்டு செப்டெம்பர் 28 ஆம் நாள், சீனத்து ஷங்ஹாய் நகரின் மிஹோயோ என்னும் நிறுவனம், ‘கென்ஷின் இம்பாக்ட்’ என்ற விளையாட்டை உலகெங்கும் ஒரே நாளில் வெளியிட்டது. இணையத்தோடு இணைந்து ஆடுவது. விலை கொடாமலே பெறக்கூடியது. கணினியிலும் கைத்தொலைபேசியிலும் இயங்குவது. ஏழு நாடுகள், ஏழு மூலசக்திகள் என அமைந்த கற்பனை உலகொன்று அதிற் படைக்கப்பட்டிருந்தது. தொடக்கத்தில் அவற்றுள் இரண்டு நாடுகளே திறக்கப்பட்டன. அது வெளியாகிய சில நாட்களுள், ஒக்டோபர் முதல் வாரத்தில், இலங்கையிற் கொரோனாத் தொற்று மீண்டும் தலைதூக்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் தொலைபேசி வழியாயின. சிக்னல் தேடி லயத்துக்கு மேலுள்ள மேட்டுக்கு ஏறிய பிள்ளைகள், பாடத்தோடு விளையாட்டையும் அம்மேட்டிலேயே கண்டுகொண்டனர். நல்ல தொலைபேசி ஒருவனிடம் இருக்கும். அவனைச் சுற்றி நால்வர் குந்தியிருப்பர். ஆடுவோன் ஒருவன், ஆலோசனை கூறுவோர் நால்வர்.

உலக நாடுகளில் அதனை முதன்முதல் ஆடியோர் கூறிய கருத்துகள் ஆராயத்தக்கவை. காட்சியின் அழகை வியவாதோர் அரியர். கண்ணுக்கெட்டும் மலை எதுவாயினும் அதன்மீது ஏறலாம். உச்சியினின்று சிறகு விரித்து மிதந்திறங்கலாம். நீரால் நனைத்த பகைவனைக் குளிரால் உறையச் செய்யலாம். ஒரு சக்தி மற்றொன்றுடன் கூடும்போது புதுவிளைவு தோன்றும் அந்நுட்பத்தைப் பலரும் புகழ்ந்தனர். இன்னொரு சாரார், இது நின்டெண்டோ நிறுவனம் 2017 இல் வெளியிட்ட ‘செல்டா’ விளையாட்டின் நகலே என்று குறை கூறினர். முதனூல், வழிநூல், சார்புநூல் என வகுத்த இலக்கண மரபில் வந்த நமக்கு இவ்வழக்கு புதிதன்று. வான்மீகியின் வழியே சென்றும் கம்பன் கம்பனே. வழிநூல் தன்னளவில் யாது செய்தது என்பதன்றோ கேட்கத்தக்கது?

குறைகளும் விரைவிற் புலப்பட்டன. ‘பிசின்’ எனப் பொருள்படும் பெயர்கொண்ட ஒருவகை இருப்பு, ஆடுவோர்க்கு 120 அலகு அளவே வழங்கப்பட்டது. அது தீர்ந்தால் முக்கியமான பரிசுகளைப் பெறவியலாது. 8 நிமிடத்துக்கு ஓரலகாக அது மீளும். முழுதும் நிரம்ப 16 மணி நேரம். ஆட விழைந்தோரை ஆடவொட்டாது தடுப்பதென்னை என்று முறையிட்டனர். ஏறத்தாழ ஆறு கிழமையில், நவம்பர் மாதத் திருத்தத்தில், அவ்வளவு 160 ஆக உயர்த்தப்பட்டது. கணினியில் விளையாட்டை மூடிய பின்னரும் அதன் காவல் நிரல் ஓய்வின்றி இயங்கியதைச் சிலர் கண்டுபிடித்துக் கண்டித்தனர், அதுவும் திருத்தப்பட்டது. முதல் நாளில் எழுந்த கருத்து வெறும் வம்பன்று, செவிமடுப்போர் இருப்பின் அது செயலாகும் என்பதற்கு இவை சான்று.

பாடசாலை மீளத் திறந்தபின் நாம் ஒரு சோதனை செய்து பார்த்தோம். ‘நான் கண்ட ஒரு விழா’ என்று தலைப்புக் கொடுத்தால் அரைப் பக்கத்தில் மூச்சிரைக்கும் வகுப்பு எமது பத்தாந் தரம். அவ்வகுப்பினரை நோக்கி, ‘நீ புதிதாய் ஆடிய விளையாட்டொன்றைப் பற்றி உன் முதற் கருத்தை எழுதுக’ என்றோம். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தனர். இஃது ஏதோ பொறியென்றே எண்ணினர் போலும். பின்னர் எழுதத் தொடங்கினர். மணி அடித்தும் எழுதினர். மூன்று பக்கத்துக்குக் குறைந்த கட்டுரை நாலைந்தே.

அக்கட்டுரைகளை விடிய விடிய வாசித்தோம். கொழுந்து மலையின் செங்குத்தில் அன்றாடம் ஏறியிறங்கும் தாயின் மகன் ஒருவன், திரையில் ஏறும் வீரனுக்கு இடைவழியிற் களைப்புண்டாவதே அவ்விளையாட்டின் உண்மை என்று எழுதியிருந்தான். மற்றொருத்தி, தன் பாத்திரத்தின் சிறகைக் ‘காற்றுச் சிறகு’ என்று பெயரிட்டு அழைத்தாள். ‘பிசின் தீர்ந்தது, நானும் தூங்கினேன்’ என்று ஒருவன் முடித்திருந்தான். ஒப்பிடல், காரணங் காட்டல், நிறைகுறை நிறுத்தல் என்று திறனாய்வுக்கு நாம் கரும்பலகையில் எழுதிய இலக்கணமெல்லாம் அவற்றில் இருந்தன. நாம் கற்பித்தமையால் அல்ல, சொல்லுதற்கு அவர்களிடம் ஒரு பொருள் இருந்தமையால். எமது கற்பித்தலின் குறை எமக்கு அன்று விளங்கிற்று.

ஒன்று மட்டும் நெஞ்சை உறுத்திற்று. அவ்விளையாட்டு வெளியானபோது 13 மொழிகளில் அதன் உரையை வாசிக்கலாகும். தாய்லாந்து மொழி உண்டு, வியட்நாமிய மொழி உண்டு; தமிழ் இல்லை. எனவே எம் பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களைத் தட்டுத்தடுமாறி வாசித்தே கதையை அறிந்தனர். அதனால் ஆங்கிலம் வளர்ந்தது என்பாருளர், அது மெய்யே. ஆயினும், வீரமும் வியப்பும் பிறமொழியிலேயே நிகழும், தமிழோ பரீட்சைத் தாளில் மட்டும் நிகழும் என்றோரெண்ணம் இளநெஞ்சில் வேரூன்றுமாயின், அதற்கு நாமும் பொறுப்பாளிகளே.

இனி, முதற் கருத்து காணத் தவறியதைக் கூறுவோம். இவ்வகை விளையாட்டுகள் புதிதாய் வந்தோர்க்குத் தொடக்கத்தில் அள்ளி வழங்கும். ஆதலின் ‘எல்லாம் இலவசம்’ என்றே பலரும் முதல் வாரத்தில் எழுதினர். சிறந்த வீரரைப் பெறுதற்குச் சீட்டிழுக்க வேண்டும் என்பதும், அச்சீட்டின் கணக்கு இன்னதென்பதும் பின்னரே உறைக்கும். கணக்கு மறைவன்று, விளையாட்டிலேயே அச்சிடப்பட்டுள்ளது. ஐந்து விண்மீன் தகுதியுடைய வீரர் ஒரு சீட்டில் வருதற்குரிய வாய்ப்பு நூற்றுக்கு 0.6, அதாவது ஆயிரத்துக்கு ஆறு. 90 ஆவது சீட்டில் அத்தகுதியுடைய ஒருவர் உறுதி. ஆனால், வேண்டியவரே வருவார் என்பதற்கு அன்றைய விதியிற் பாதி வாய்ப்பே உண்டு. தவறின் மீண்டும் 90. ஆக, உறுதியாகப் பெறுதற்கு 180 சீட்டு ஆகலாம். ஒரு சீட்டுக்கு 160 கற்கள். மிகச் சிறிய பொதியில் ஏறத்தாழ ஓர் அமெரிக்க டொலருக்கு 60 கற்கள்.

2021 மார்ச்சில், நெடுங்காலப் போராட்டத்தின் பின், தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. டொலர் ஒன்று அந்நாளில் ஏறத்தாழ 200 ரூபா. எனவே, மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, நாள் முழுதும் கொழுந்தெடுத்த தாயின் ஒருநாட் கூலி, இரண்டு சீட்டுக்குப் போதாது. இக்கணக்கை வகுப்பிற் போட்டுக் காட்டியபோது நெடுநேரம் எவரும் பேசவில்லை.

வேறொரு விளையாட்டு, அதன் பெயர் ஈண்டு வேண்டா. பாடத்துக்கென்று தாய் போட்ட றீலோட் பணம் முழுவதையும் மாணவனொருவன் அதிற் போக்கடித்தான். அத்தாய் பாடசாலை வாயிலில் நின்று எம்மிடம் கேட்டது ஒன்றே: ‘சேர், இது சூதா, விளையாட்டா?’ வள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்ததை ஆண்டுதோறும் பொருள் கூறிக் கற்பிக்கின்றோம். தருமனும் நளனும் நாடிழந்த கதையைக் கண்ணீர் மல்கச் சொல்கின்றோம். எனினும் அவ்வினாவுக்கு அன்று எம்மிடம் விடையிருக்கவில்லை.

உலகம் விடைதேடத் தொடங்கியிருக்கின்றது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு 2018 இல், பணங் கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகள் சிலவற்றைச் சூதென்றே முடிவு செய்தது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு தொடுத்த வழக்கில், கென்ஷின் விளையாட்டை வெளியிடும் நிறுவனம் 2025 சனவரியில் 2 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது. 16 வயதுக்குட்பட்டோர்க்குப் பெற்றோர் இசைவின்றி இவ்வகைச் சீட்டு விற்பதில்லை என்பதையும் ஏற்றது. அது அமெரிக்கப் பிள்ளைகளுக்கான காப்பு. அட்டன் பிள்ளைக்கும் நுவரெலியாப் பிள்ளைக்கும் காப்பு எங்கே?

தொலைபேசியைப் பறித்துவிட்டால் தீரும் என்பார் பலர். நாமும் அவ்வாறு எண்ணியதுண்டு. ஆனால், பறிக்கப்பட்ட பொருள் ஒளித்து ஆடப்படும். ஒளித்து ஆடுவோன் கணக்குக் கேட்கமாட்டான். காமன் கூத்தைக் காண்க. ஊர் கூடி நின்று காண ஆடினர், ஆசான் அருகிருந்தான், ஆட்டம் முடிந்ததும் வேடங் களைந்து மறுநாள் வேலைக்கு ஏகினர். வேடம் புனைதலில் தீங்கில்லை. காண்போரின்றி, ஆசானின்றி, முடிவுமின்றிப் புனைதலிலேயே தீங்குளது. முன்னர்க் கேட்ட வினாவுக்கு எமது விடை இதுவே.

ஆகவே மூன்று செயல்களை விழாக் குழுவினர் முன் வைக்கின்றோம். முதலாவது: எந்த விளையாட்டாயினும் மாணவர் முதல் நாட் கருத்தையும் முப்பதாம் நாட் கருத்தையும் தமிழில் எழுதுக. இரண்டையும் அருகருகே வைத்து வாசிப்போன், தன் மனம் மயங்கிய இடத்தைத் தானே காண்பான். இரண்டாவது: நிகழ்தகவு கற்பிக்கும் கணித ஆசிரியர், பகடையோடு இச்சீட்டையும் எடுத்துக் கற்பிக்க.

மூன்றாவது பழைய மாணவர்க்கு உரியது. இக்கல்லூரியிற் பயின்று இன்று கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் கணினித் துறையிற் பணிபுரிவோர் உங்களுள் உளர். புனே நகரில் ஒரு சிறு குழுவினர் நம் புராண மரபை நிலைக்களனாகக் கொண்டு 2020 இல் ‘ராஜி’ என்ற விளையாட்டை வெளியிட்டனர். கனடாவிலிருந்து 2023 இல் வெளிவந்த ‘வெண்பா’, தமிழ்க் குடும்பமொன்றின் அடுக்களையையும் மொழியேக்கத்தையும் உலகறியச் செய்தது. இரதியின் புலம்பலும் தபசு மரத்தின் உயரமும் எவ்வகையில் இவற்றுக்குக் குறைந்தன? நாம் நன்கொடை கேட்கவில்லை. ஆண்டுக்கொரு சனிக்கிழமை எம் வகுப்புக்கு வந்து, விளையாட்டு எவ்வாறு ஆக்கப்படுகின்றது, அதிற் சீட்டு எதற்காக வைக்கப்படுகின்றது என்று இப்பிள்ளைகட்குத் தமிழில் எடுத்துரையுங்கள். எவ்வாறு ஆக்கப்பட்டதென அறிந்தோன் எளிதில் ஏமாறான். அறிந்தோருள் ஒருவன் தானே ஒன்றை ஆக்கவுங் கூடும்.

காற்றுச் சிறகெனச் சொற்கண்ட சிறுமி இவ்வாண்டு உயர்தரம் பயில்கின்றாள். அவளது அன்றைய கட்டுரை எம் மேசை இழுப்பறையிற் பத்திரமாக இருக்கின்றது. அடுத்த விழா மலரில் அவள் பெயர் பழைய மாணவர் வரிசையில் வரும். அப்பொழுது, தான் ஏறிய மலையைப் பற்றியேனும் தான் ஆக்கிய மலையைப் பற்றியேனும் அவள் தமிழில் எழுதுவாளாக. கல்லூரி நீடு வாழ்க.