அழித்த கேம் மறுபடி போனுக்குள் வருவது எப்படி?

2020 செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. அதில் பப்ஜியும் ஒன்று. "இனிமேலாவது பையன் புத்தகத்தைத் தொடுவான்" என்று நம்பிய அம்மாக்கள் ஏராளம். தொட்டானா? பலர் ஃப்ரீ ஃபயருக்குத் தாவினார்கள். 2021 ஜூலையில் பப்ஜியே பிஜிஎம்ஐ என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்குத் தடை (அதன் மேக்ஸ் பதிப்பு மட்டும் எப்படியோ தப்பித்தது). அதே வருடம் ஜூலையில் பிஜிஎம்ஐ காணாமல் போய், 2023 மே மாதம் திரும்பி வந்தது. மூன்று வருடத்துக்குள் இத்தனை தடவை கதவு சாத்தியும் பழக்கம் போகவில்லை என்றால், பூட்டு வேறு எங்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

பிஜிஎம்ஐ வந்தபோது நடந்த ஒரு விஷயத்தைப் பலர் கவனிக்கவில்லை. பழைய பப்ஜி கணக்கில் வாங்கி வைத்திருந்த துப்பாக்கி ஸ்கின், உடைகளை எல்லாம் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ள வழி செய்து கொடுத்தார்கள். சாதாரண வசதி போலத் தெரியும். ஆனால் விட்டுவிடலாம் என்று நினைத்தவனையும் திரும்ப இழுத்தது அதுதான். "இவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறோமே!"

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதில்லை. சங்க் காஸ்ட் என்று பாடமே இருக்கிறது. செலவழித்தது செலவழித்ததுதான், திரும்பாது. அடுத்த முடிவை அதை வைத்து எடுக்கக்கூடாது. பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள். அன்று ராத்திரியே ரேங்க் போய்விடுமே என்று போனை எடுப்பார்கள்! அந்த ரேங்க்கையாவது சொத்து என்று சொல்ல முடியுமா? சீசன் முடிந்ததும் நிறுவனமே அதைக் கீழே இறக்கிவிடுகிறது. இவ்வளவு வேகமான தேய்மானம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை.

விளையாடுகிற எல்லோரும் நோயாளிகள் என்று சொல்ல வரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 ஜனவரி முதல் கேமிங் கோளாறு இருக்கிறது. ஆனால் அதற்குக் கட்டுப்பாடு போக வேண்டும், மற்ற வேலைகளை விட விளையாட்டு முந்த வேண்டும், கெடுதல் தெரிந்தும் தொடர வேண்டும், இது வழக்கமாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். பெரும்பாலான பையன்கள் அந்த அளவுக்குப் போவதில்லை. நடுவில் நிற்கிறார்கள். மாற வேண்டும் என்று ஆசை உண்டு, மூன்று நாள் தாங்குவதில்லை. 2023-ல் திரும்பியபோது 18 வயதுக்குக் கீழே தினம் 3 மணி, மற்றவர்களுக்கு 6 மணி என்று வரம்பு வைத்தார்கள். ஆறு மணி நேரம் ஒரு கட்டுப்பாடாம். அது முக்கால் நாள் வேலை.

சரி, மூன்று நாள் ஏன் தாங்குவதில்லை? திருமழபாடியை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளிடத்தின் வடகரை ஊர். பங்குனியில் நந்தி கல்யாணம். "நந்தி கல்யாணம் பார்த்தால் முந்தி கல்யாணம்" என்று எங்கிருந்தெல்லாமோ கூட்டம் வரும். இந்த மாதிரித் திருவிழா நாளில் மோர்ப் பானை தூக்கவும் பந்திக்கு இலை போடவும் கூப்பிட்டால், மற்ற நாளில் போனும் கையுமாக இருக்கிற பையன் போன் எங்கே என்றுகூடத் தேடமாட்டான். அன்றைக்கு அவனுக்கு மன உறுதி கூடிவிட்டதா என்ன? கைக்கு வேலை இருந்தது, கூட ஆள் இருந்தது, "தம்பி இங்க வா" என்று யாரோ கூப்பிட்டார்கள். மறுநாள் பந்தல் பிரித்ததும் ராத்திரி ஒன்பது மணி காலியாகிவிடுகிறது. அந்தக் காலி இடத்துக்குத்தான் கேம் வருகிறது.

இன்னொரு சிக்கல், அது தனி ஆள் பழக்கம் இல்லை. ஸ்குவாட் என்றால் நாலு பேர். ஒருவன் அழித்தால் மற்ற மூவரும் "என்னடா பெரிய மனுஷன் ஆயிட்டியா" என்பார்கள். கேமை விடுகிறவன் நண்பர்களையும் சேர்த்து விட வேண்டியிருக்கிறது. இருபது வயதில் அது சின்ன விலை இல்லை. அதனால் "நீ மட்டும் நிறுத்து" என்று வீட்டில் சொல்வதைவிட, அந்த நாலு பேரையும் சாயங்காலம் ஒரு வாலிபால் வலைக்கு முன்னால் நிறுத்துவது சுலபம். வலை வாங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் போதும். ஒரு ஸ்கின்னுக்குக் கொடுத்த காசுதான்.