கறுப்பாகத் திறக்கும் வானம்

திண்டுக்கல் சமவெளியில் மழை பொய்த்ததற்கும் கொடைக்கானல் மலைமேல் தொலைநோக்கி ஏறியதற்கும் ஒரு தொடர்பு உண்டு. 1876-78 பஞ்சம் சென்னை மாகாணத்தையே உலுக்கியது. சூரியனை விடாமல் கவனித்தால் பருவமழையின் போக்கு பிடிபடுமா என்ற கேள்வி அதன்பின் வலுத்தது. 1899-ல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் உருவானதற்கு அதுவும் ஒரு காரணம். 1909-ல் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தது இங்கேதான்.

1904 முதல் இங்கே கண்ணாடித் தகடுகளிலும் ஃபிலிமிலும் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்தார்கள். நூறாண்டைத் தாண்டிய அந்தச் சேமிப்பை இந்திய வானியற்பியல் நிறுவனம் இப்போது டிஜிட்டலாக்கி, எவரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. ஆசையாக இறக்கினால், போனில் கேலரி ஆப் கைவிரித்துவிடும். காரணம், அது ஜேபெக் அல்ல, 'ஃபிட்ஸ்' ஃபைல்.

ஜேபெக் கண்ணுக்காகச் செய்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். இடத்தை மிச்சப்படுத்த, கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களைத் தூக்கி எறிந்துவிடும். கல்யாண போட்டோவுக்கு அது போதும். கரும்புள்ளியின் ஓரம் எங்கே முடிகிறது என்று அளக்க நினைப்பவருக்குப் போதாது. தகடுகளை ஸ்கேன் செய்தபோது ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் 16 பிட்டில், அதாவது 65,536 படிகளில் பதிந்தார்கள். ஃபிட்ஸ் அந்த எண்களை அப்படியே வைத்திருக்கும்.

ஃபைலின் தொடக்கத்தில் 'ஹெடர்' இருக்கும். வரிக்கு 80 எழுத்து என்ற கணக்கில், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தக் கருவி என்று சாதாரண எழுத்தில் எழுதியிருக்கும். புதிதாக வருபவர்கள் இதைப் படிக்காமல் படத்துக்குத் தாவிவிடுகிறார்கள். தேதி இல்லாத கரும்புள்ளி வெறும் பொட்டு. தேதி இருந்தால், அது நாளுக்கு நாள் நகர்வதை வைத்து, சூரியன் சுமார் 27 நாளில் ஒருமுறை சுழல்வதாக நமக்குத் தெரிவதைப் பள்ளி மாணவரே கணக்கிடலாம்.

திறக்க ஒரு கம்ப்யூட்டரும் 'டிஎஸ்9' என்ற இலவச மென்பொருளும் போதும். முதல் அதிர்ச்சி அங்கே காத்திருக்கும். விண்மீன் கூட்டத்தின் படமென்றால் திரை பெரும்பாலும் கறுப்பாகத்தான் வரும். ஃபைல் கெட்டுவிடவில்லை. நாலைந்து பிரகாசமான புள்ளிகள் உச்ச இடத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றதெல்லாம் இருட்டில் நெருக்கியடித்து நிற்கிறது. 'ஸ்கேல்' மெனுவில் 'லாக்' அல்லது 'ஜீஸ்கேல்' கொடுத்தால் மங்கல் ஒளி மேலெழுந்து வரும். ரேடியோவில் சத்தத்தைக் கூட்டுவது மாதிரி. பாட்டு மாறாது, உள்ளே இருக்கும் எண்களும் மாறாது. பழைய தகடு நெகட்டிவாக இருந்தால் சூரியன் கறுப்பாகவும் கரும்புள்ளி வெளுப்பாகவும் தெரியும். நிறத்தைத் தலைகீழாக்கவும் அதே மென்பொருளில் வழி உண்டு.

சிவப்பு, மஞ்சள் வண்ணமெல்லாம் பிறகு பூசுவது. மூல ஃபைல் பெரும்பாலும் கறுப்பு-வெள்ளைதான். நண்பர்களுக்கு அனுப்ப பிஎன்ஜி நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தைத் தொடாமல் வைப்பது நல்லது.

1981-ல் தரப்படுத்தப்பட்ட இந்த வடிவத்துக்கு ஒரு பிடிவாதமான விதி உண்டு: புது மாற்றம் எதுவும் பழைய ஃபைலைச் செல்லாததாக்கக் கூடாது. 2023-ல் ஏவிய ஆதித்யா-எல்1 அனுப்பும் சூரியப் படங்களும் ஃபிட்ஸாகத்தான் வெளியாகின்றன. டிஎஸ்9-ல் இரண்டு ஃபிரேம் திறந்தால், பக்கத்தில் கொடைக்கானலின் பழைய தகட்டையும் வைத்துப் பார்க்கலாம்.