குற்றாலக் குறவஞ்சியை இந்தக் காலத்துக்கு ஏற்ப மாற்றலாமா?

பாலே என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 'ஸ்வான் லேக்'. வெள்ளை உடை, நுனிக்காலில் நிற்கும் பெண்கள், சைகோவ்ஸ்கியின் இசை. 1877-ல் மாஸ்கோவில் முதன்முதலாக மேடையேறியபோது அது பெரிதாக எடுபடவில்லை. இன்று உலகம் முழுக்க ஆடப்படுவது பெரும்பாலும் 1895-ல் பெத்திபாவும் இவானோவும் சேர்ந்து மாற்றி அமைத்த வடிவத்தின் வழி வந்ததுதான். அதாவது, எல்லோரும் 'அசல்' என்று கொண்டாடுவதே ஒரு திருத்திய பதிப்பு! சரியாக நூறு வருடம் கழித்து, 1995-ல், மாத்யூ போர்ன் அன்னங்களாக ஆண்களை ஆட வைத்தார். அதற்கும் கூட்டம் வந்தது. பழைய வடிவமும் நின்றுபோய்விடவில்லை.

பழைய ஆட்டங்களை இன்றைய ரசிகர்களுக்காக மாற்றலாமா, கூடாதா என்ற சண்டை மேல்நாடுகளில் இன்னும் ஓயவில்லை. அதற்கும் திருநெல்வேலிக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்கலாம். நிறையவே இருக்கிறது.

தாமிரபரணிக் கரையின் பாலே

நடராசருக்குச் சொல்லப்படும் ஐந்து சபைகளில் இரண்டு இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. நெல்லையப்பர் கோயிலில் தாமிர சபை, குற்றாலத்தில் சித்திர சபை. ஆட்டத்துக்குக் கோயில் கட்டிய ஊர் இது. குற்றாலத்து அருவித் தண்ணீரும் சிற்றாறாக ஓடி, கடைசியில் தாமிரபரணியில்தான் கலக்கிறது. 2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனாலும் ஆறு பிரியவில்லை.

அந்தக் குற்றாலத்தை வைத்து, மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ம் நூற்றாண்டில் எழுதியது குற்றாலக் குறவஞ்சி. இது படிப்பதற்கு மட்டும் எழுதிய நூல் இல்லை. பாடி ஆடுவதற்காக எழுதிய நாடகம். பாட்டு, தாளம், ஆட்டம், கதை எல்லாம் சேர்ந்தது. பாலேக்குத் தமிழில் ஒரு உதாரணம் காட்டச் சொன்னால் இதைத் தயங்காமல் காட்டலாம்.

கதை எளிமையானது. குற்றாலநாதர் பவனி வருகிறார். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி அவரைப் பார்த்துக் காதல் கொள்கிறாள். வாடிக் கிடக்கும் அவளிடம் சிங்கி என்ற குறத்தி வந்து தன் மலையின் பெருமையைச் சொல்கிறாள், கை பார்த்துக் குறி சொல்கிறாள், பரிசு வாங்கிக்கொண்டு போகிறாள். பறவை பிடிக்க வந்த அவள் கணவன் சிங்கன் அவளைத் தேடி அலைகிறான். கடைசியில் இருவரும் சேருகிறார்கள். இதில் வரும் மலைவளப் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவர்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. ஆனால் அவர்களில் எத்தனை பேர் முழு நாடகத்தையும் ஆடிப் பார்த்திருப்பார்கள்?

ஏற்கனவே ஒருமுறை மாற்றியாகிவிட்டது

பழையதைத் தொடவே கூடாது என்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். 'பழைய பரதநாட்டியம்' என்று இன்று எல்லோரும் நினைப்பதே சுமார் தொண்ணூறு வருடங்களுக்கு முன்னால் புதுப்பிக்கப்பட்ட ஒன்று.

அந்தக் கதையும் தாமிரபரணிக் கரையிலிருந்துதான் தொடங்குகிறது. 1897-ல் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவர் இ. கிருஷ்ண ஐயர். வக்கீல், சுதந்திரப் போராட்ட வீரர். சதிர் ஆட்டத்தைக் கேவலமாகப் பார்த்த காலத்தில் தானே அதைக் கற்றுக்கொண்டு, பெண் வேடமிட்டு மேடையில் ஆடினார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியோடு 1932-ல் பத்திரிகைகளில் காரசாரமாக வாதம் செய்தார். முறை போகட்டும், கலை பிழைக்கட்டும் என்பது அவர் கட்சி. 1928-ல் தொடங்கிய மியூசிக் அகாடமியில் அவர் செயலாளர்களில் ஒருவர். 1931-ல் கல்யாணியின் மகள்கள் இருவரின் சதிர் கச்சேரி அங்கே நடந்தது.

அடுத்து வந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். அவர் முதலில் கற்றது பாலே! ரஷ்ய நடன மேதை அன்னா பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம் பாடம் கேட்டார். உன் நாட்டு நடனத்தைப் போய்ப் பார் என்று பாவ்லோவா சொன்னதாகச் சொல்வார்கள். பிறகு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று 1935-ல் அடையாறில் ஆடினார். 1936-ல் கலாக்ஷேத்ரா பிறந்தது. ஆடுபவருக்குப் பின்னால் நின்று வாசித்த இசைக்காரர்களைப் பக்கவாட்டில் உட்கார வைத்தார். உடை, நகை, விளக்கு எல்லாம் மாறின. சிருங்காரம் தூக்கலாகத் தெரிந்த பதங்கள் சிலவற்றை ஒதுக்கினார். 1944-ல் கலாக்ஷேத்ரா குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றியது. இன்றைய மேடைகளில் பார்க்கும் குறவஞ்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதன் சாயல் உண்டு.

ஆகவே 'மாற்றலாமா?' என்று கேட்பதே கொஞ்சம் காலம் தாழ்ந்த கேள்வி. மாற்றியாகிவிட்டது. இனி கேட்க வேண்டியவை வேறு. எதை மாற்றுவது? யாரைக் கேட்டு மாற்றுவது?

அந்த மாற்றத்தில் வரவும் உண்டு, செலவும் உண்டு. கலை பிழைத்தது வரவு. செலவு யார் தலையில் விழுந்தது? குறவஞ்சி நாடகங்களைக் கோயில்களில் ஆடிக் காப்பாற்றியவர்களில் தேவதாசிப் பெண்கள் முக்கியமானவர்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியை ஆடியவர்கள் அவர்கள். ருக்மிணி தேவிக்கே அபிநயம் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் மயிலாப்பூர் கௌரி அம்மாள். 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அது தேவையான சட்டம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கலை சபா மேடைக்கு ஏறியபோது அந்தக் குடும்பங்களில் பலவும் மேடைக்குக் கீழேயே நின்றுவிட்டன. அந்த மரபிலிருந்து வந்து உலகப் புகழ் பெற்ற பாலசரஸ்வதி, சிருங்காரம் அசிங்கம் அல்ல, அதைக் கழுவித் துடைக்கத் தேவையில்லை என்று கடைசிவரை வாதிட்டார். காலத்துக்கு ஏற்ற மாற்றம் என்ற பெயரில் மனிதர்களைக் கழற்றி விடக்கூடாது என்பதுதான் அதில் கற்க வேண்டிய பாடம்.

நிலமும் கட்டடமும்

பி.காம். முதல் வருடத்திலேயே ஒரு பாடம் வரும். கட்டடத்துக்குத் தேய்மானம் உண்டு, நிலத்துக்குக் கிடையாது. கட்டடம் பழசாகும், இடித்துக் கட்டலாம். நிலம் அப்படியே இருக்கும்.

குறவஞ்சிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கவிராயரின் பாட்டு நிலம். மேடை, விளக்கு, உடை, நேரம், ஒலிபெருக்கி எல்லாம் கட்டடம். விடிய விடிய உட்கார்ந்து பார்க்க இன்று ஆள் இல்லை என்றால் இரண்டு மணி நேரமாகச் சுருக்கலாம். பழைய சொற்கள் புரியவில்லை என்றால் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் கட்டியங்காரன் வந்து எளிய தமிழில் கதை சொல்லலாம். திரையில் பாட்டின் பொருளைக் காட்டலாம். இதெல்லாம் கலையைக் கெடுத்துவிடாது. ஆனால் கவிராயரின் வரியை எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டு மெட்டில் புது வரி போடுவது நிலத்தையே விற்பது. பிறகு அதற்குக் குறவஞ்சி என்று பெயர் வைப்பதில் அர்த்தம் இல்லை. புதுக் கதை வேண்டுமென்றால் புது நாடகம் எழுதலாமே, யார் தடுத்தார்கள்?

குறத்தி சிரிப்புப் பாத்திரமா?

இங்கேதான் கஷ்டமான கேள்வி வருகிறது. 2023-ல் தமிழக அரசு 'குறவன் குறத்தி ஆட்டம்' என்ற ஆட்டத்துக்குத் தடை விதித்தது. ஆபாசமாக ஆடி ஒரு சமூகத்தை இழிவுபடுத்துகிறார்கள் என்பது புகார். திருவிழா மேடைகளில் அந்தப் பெயரில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் புகாரில் உள்ள நியாயம் தெரியும். அப்படியென்றால் குறவஞ்சியும் தப்பா?

இல்லை. நூலைப் படித்தால் தெரியும், சிங்கி கேலிப்பொருள் இல்லை. வசந்தவல்லி முன்னால் அவள் கூனிக் குறுகி நிற்கவில்லை. என் மலை இப்படி, என் நாடு இப்படி என்று நிமிர்ந்து பாடுகிறாள். கடைசியில் சிங்கன், இந்த நகையெல்லாம் ஏது என்று சந்தேகமாகக் கேட்கிறான். அவள் ஊர் ஊராகப் பெயர் சொல்லிக் கணக்குக் கொடுக்கிறாள். எல்லாம் குறி சொல்லிச் சம்பாதித்தது! தனியாக ஊர் சுற்றி, சொந்தத் தொழிலில் சம்பாதித்து, புருஷன் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருக்கும் ஒரு பெண்ணை 18-ம் நூற்றாண்டிலேயே மேடையில் நிறுத்தியிருக்கிறார் கவிராயர். இதைவிட 'நவீனம்' என்ன வேண்டும்?

கோளாறு பெரும்பாலும் மேடையில்தான். குறத்தி என்றால் இடுப்பை ஒடித்து நடக்க வேண்டும், கொச்சையாக இழுத்துப் பேச வேண்டும், சபையில் சிரிப்பு வர வேண்டும் என்று ஒரு பழக்கம். பாசிமணியை மாட்டிவிட்டு, குறவரையும் நரிக்குறவரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது இன்னொரு பழக்கம். இவை தேய்ந்த கட்டடம், இடித்துவிடலாம். நியூயார்க் சிட்டி பாலே 2017-ல் 'நட்கிராக்கர்' ஆட்டத்தில் சீனர்களைக் கேலி செய்வதுபோல் இருந்த அசைவுகளையும் ஒப்பனையையும் மாற்றியது. சைகோவ்ஸ்கியின் இசையைத் தொடவில்லை. ஆட்டமும் கெட்டுப்போகவில்லை. அதே வேலையைக் குறவஞ்சிக்கும் செய்யலாம். செய்யும்போது குறவர் சமூகத்தில் நாலு பேரை அழைத்து ஒத்திகையைக் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். 1930-களில் விட்ட தப்பை மறுபடியும் விடக்கூடாது அல்லவா?

அதையும் மீறி நூலிலேயே இன்று உறுத்தும் இடம் இருந்தால்? அந்தப் பகுதியை ஆடாமல் விடலாம், ஆனால் விட்டிருக்கிறோம் என்று சொல்லிவிட்டு விட வேண்டும். சொல்லாமல் திருத்துவது கணக்குப் புத்தகத்தில் அழித்து எழுதுவதுபோல. எந்தத் தணிக்கையாளரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

வில்லுப்பாட்டு காட்டும் வழி

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் பக்கத்திலேயே இருக்கும் வில்லுப்பாட்டைப் பார்க்கலாம். திருநெல்வேலி அருகே சத்திரம் புதுக்குளத்தில் 1928-ல் பிறந்த சுப்பு ஆறுமுகம், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனோடு சென்னைக்குப் போய், அதே வில்லை வைத்துக் காந்தி கதை சொன்னார். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டு போனார். 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார், 2022-ல் காலமானார். அவர் வில்லைக் கோயிலிலிருந்து திருடிக்கொண்டு போய்விட்டாரா? இல்லையே! நெல்லைச் சீமையில் கொடை நடக்கும் ஊர்களில் சுடலைமாடன் கதையும் முத்துப்பட்டன் கதையும் இன்றும் வில்லில் பாடப்படுகின்றன. புதியது வந்ததால் பழையது சாகவில்லை. இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கின்றன.

குறவஞ்சிக்கும் அப்படி இரண்டு வழி இருக்கட்டும். இளைஞர்கள் சிங்கியை ஜீன்ஸ் போட்டு ஆடவைத்துப் பார்க்கட்டும், தப்பில்லை. அதன் பக்கத்திலேயே முழுப் பாட்டோடு ஒரு பழைய வடிவமும் இருக்கட்டும். ஒன்று மட்டும் இருந்து மற்றது அழிந்தால்தான் நஷ்டம்.

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். குளிக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், போகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் பள்ளியில் அந்த மலைப் பாட்டைப் படித்திருப்பார்கள். அரசு நடத்தும் சாரல் திருவிழாவில் ஒவ்வொரு வருடமும் ஒரு மாலையைக் குறவஞ்சிக்கு என்றே ஒதுக்கினால் என்ன? அந்த மலையே பின்னால் நிற்கும்போது சிங்கி தன் மலையைப் பற்றிப் பாடினால், அதற்கு விளக்கவுரையே தேவைப்படாது.