பட்டணத்தில் இரண்டு நாள்

தஞ்சை விவசாயிகள் சென்னைக்குப் போவது இல்லையா? போகிறார்கள். வைத்தியத்துக்குப் போகிறார்கள். கல்யாணத்துக்குப் போகிறார்கள். பேரக்குழந்தையைப் பார்க்கப் போகிறார்கள்.

வேறு காரியம் எதுவும் இல்லாமல், கணவனும் மனைவியும் ஊர் பார்க்க என்றே போனது உண்டா? பெரும்பாலோர் "இல்லை" என்றுதான் சொல்வார்கள்.

நாற்று விடுவது முதல் நெல் மூட்டை கட்டும் வரை இருவரும் சேர்ந்து உழைக்கிறார்கள். ஆனால், சேர்ந்து ஓய்வு எடுப்பது இல்லை. வேலை முடிந்தால் கணவர் டீக்கடைக்குப் போகிறார். மனைவி அடுப்படிக்குப் போகிறார். இப்படியே 20 வருடம், 30 வருடம் ஓடிவிடுகிறது. பிறகு ஆசை இருக்கும். நடக்க முழங்கால் இருக்காது.

ஆகவே, வருடத்தில் இரண்டு நாள் இருவரும் சேர்ந்து வெளியூர் போய் வரவேண்டும்.

எப்போது போகலாம்?

நம் வேலையை நிர்ணயிப்பது காவிரித் தண்ணீர். மேட்டூர் அணையை ஜூன் 12-ந் தேதி திறந்து, ஜனவரி 28-ந் தேதி மூடுவது வழக்கம். மாசியில் சம்பா அறுவடை முடிந்துவிடும். அறுப்புக்கு முன்பே தெளித்த உளுந்து, வயல் ஈரத்திலேயே வளரும். அப்போது இரண்டு நாள் ஒதுக்கலாம்.

நெல் விற்ற பணம் வந்ததும், பயணச் செலவுக்கு ஒரு தொகையை எடுத்து மனைவியின் கையில் கொடுத்துவிடுங்கள். "பிறகு பார்க்கலாம்" என்றால், அது கடனுக்கும் உரத்துக்கும் போய்விடும்.

எப்படிப் போகலாம்?

தஞ்சாவூரில் இருந்து இரவில் உழவன் எக்ஸ்பிரஸ் புறப்படுகிறது. கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் போகிறது. 60 நாட்களுக்கு முன்பே சீட்டு எடுக்கலாம். ரயில் எழும்பூர் வரை போகுமா, தாம்பரத்தோடு நின்றுவிடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தாம்பரத்தில் இருந்து எழும்பூருக்கு மின்சார ரயில் உண்டு. அறை எடுக்க ஆதார் போன்ற அடையாள அட்டை தேவை. மறக்காதீர்கள்.

என்ன பார்க்கலாம்?

எல்லாவற்றையும் பார்க்க ஓடினால், எதையும் பார்த்ததாக இராது. ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும்.

முதல் நாள் காலையில், எழும்பூரில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அது 1851-ல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை. நம் திருவெண்காட்டில் கிடைத்த அர்த்தநாரீசுவரர் செப்புச் சிலை அங்கே இருக்கிறது. பாதி உடல் கணவன், பாதி உடல் மனைவி. 11-ம் நூற்றாண்டில் செய்தது. பகலில் தூங்குங்கள். மாலையில் மெரினாவுக்குப் போங்கள். சுண்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து பேசுங்கள். கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம், ஆபத்து.

மறுநாள் மின்சார ரயிலில் மாம்பலம். அருகிலேயே ரங்கநாதன் தெருக் கடைகள். அன்றைக்கு இன்னோர் இடத்தை மனைவி சொல்லட்டும். கணவர் கூடப் போகட்டும். இரவு ரயிலில் ஊர் திரும்பலாம்.

சென்னைச் செலவு கட்டுப்படி ஆகாதவர்கள் மலைக்க வேண்டாம். பஸ் ஏறித் தஞ்சாவூருக்குப் போங்கள். கலைக்கூடத்தையும் பெரிய கோவிலையும் பார்த்துவிட்டு, ஓட்டலில் சாப்பிட்டுத் திரும்புங்கள். ஒரு வேளையாவது வீட்டில் அடுப்பு எரியாமல் இருக்கட்டும்.

ஊர் சிரிக்காதா?

"இந்த வயதில் என்ன உல்லாசம்?" என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். அடுத்த வருடம் அவர்களும் போவார்கள்.

"மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது?" என்று மனைவி கேட்பார். அது நியாயமான கேள்வி. பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அல்லது பக்கத்து வீட்டாரிடம் சொல்லுங்கள். அவர்கள் போகும்போது, அவர்கள் மாட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

"உனக்கு எந்த இடம் பார்க்க ஆசை?" என்று இன்றைக்கு உங்கள் மனைவியிடம் கேளுங்கள். பல வீடுகளில் அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதே இல்லை.