தொங்குவது பறப்பதாகுமா?

ரேடியோ மூலம் இயக்கும் மாடல் விமானங்களை ஓட்டிப் பழக கம்ப்யூட்டரில் சிமுலேட்டர்கள் இருக்கின்றன. புதிதாக இவற்றை இன்ஸ்டால் செய்பவர்கள், நான் பார்த்தவரை, எடுத்த எடுப்பிலேயே 'த்ரீ டி' ஸ்டன்ட் விமானத்தைத்தான் கிளிக் செய்கிறார்கள்.

அதன் ரகசியம் எளிது. எடையைவிட ப்ரொப்பெல்லரின் இழுவிசை அதிகம். எனவே மூக்கை வானத்துக்கு நிமிர்த்தி ஒரே இடத்தில் தொங்கலாம். தொங்கியபடியே தன்னைத்தானே சுற்றலாம். இதற்குத் திறமை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இறக்கைக்கு அங்கே என்ன வேலை? கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழன் போல, சும்மா உடன் நிற்கிறது!

என் ஓட்டு பைப்பர் ஜே 3 கப் விமானத்துக்கு. 1938ல் வந்த மஞ்சள் நிறக் குட்டி விமானம். பெரும்பாலானவற்றில் 65 குதிரைத் திறன் எஞ்சின்தான். இதைக் கால் பங்கு அளவில் மாடலாகச் செய்தால் வேகமும் கால் பங்காக வேண்டும் என்று நினைப்போம். அப்படியல்ல. வேகம் அளவின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் குறையும், அதாவது பாதி. நிஜ கப் மணிக்குச் சுமார் 120 கிலோ மீட்டரில் செல்லும். மாடல் 60ல் சென்றால்தான் பார்க்க நிஜம் போல இருக்கும். முழு திராட்டில் கொடுத்து ராக்கெட் போல மேலே ஏற்றினால் அது கப் அல்ல, மஞ்சள் பெயின்ட் அடித்த வேறு ஏதோ.

இடப்பக்கம் திருப்ப ஸ்டிக்கை மட்டும் சாய்த்துப் பாருங்கள். வலது இறக்கையில் தூக்குவிசையோடு காற்றின் இழுப்பும் கூடுவதால் மூக்கு முதலில் வலப்பக்கம் போகும்! கூடவே இடது ருட்டரும் கொடுத்தால்தான் அழகாகத் திரும்பும். லூப் அடிக்கவும் முதலில் கீழே பாய்ந்து வேகம் சேர்க்க வேண்டும். நினைத்த இடத்தில் சுழல முடியாது. சர்வதேசப் போட்டிகளில் எஃப் 4 சி என்ற பிரிவே இருக்கிறது. மாடல் பார்க்க நிஜ விமானம் போல இருந்தால் போதாது, பறப்பதும் அப்படியே இருக்கிறதா என்று நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள்.

என் அலுவலக நண்பர் ஒருவர் சிமுலேட்டரில் தொங்கவிடுவதில் கில்லாடி. லேண்டிங் மட்டும் போரடிக்கும் என்று பழகவில்லை. மைதானத்தில் முதல் முறை இறக்கும்போது வேகம் குறைந்த நிலையில் மூக்கைத் தூக்கினார். ஒரு இறக்கை சரிந்தது. இரண்டு மாதச் சேமிப்பு பால்சா மரத்துண்டுகளாகிவிட்டது. சிமுலேட்டரில் என்றால் ஒரு பட்டனைத் தட்டினால் விமானம் முழுதாகத் திரும்பி வந்திருக்கும்.

காசு செலவில்லாமல் பார்க்க வேண்டுமா? நிஜ விமானங்களுக்கான ப்ளைட்கியர் சாப்ட்வேர் இலவசம். அதற்கு ஜே 3 கப் விமானமும் டவுன்லோட் செய்யக் கிடைக்கிறது. 'ஆட்டோ கோஆர்டினேஷன்' வசதியை ஆப் செய்துவிட்டு ஓட்டுங்கள், நான் சொன்ன மூக்குத் திருப்பம் தெரியும். கீ போர்டில் இது சரிப்படாது. ஜாய்ஸ்டிக் வாங்குவதானால், ருட்டருக்காகக் கைப்பிடியைத் திருகும் வசதி உள்ளதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.