முப்பது மரணம் நல்ல கணக்கா?

ஜொகூரின் சாஆவில் எங்கள் பக்கத்து லயத்துப் பெரியம்மா இனிப்புநீர்க் கால்புண்ணுக்காக ஒரே ஆண்டில் நான்கு முறை வார்டில் படுத்தார். ஐந்தாம் முறைக்கு இடமில்லாமல் மாரடைப்பு கொண்டுபோய்விட்டது. நோயாளிகளின் பதிவுகளைக் கணக்கிட்டுப் பிழைப்பவள் நான். வழக்கமான அறிக்கையில் இவர் ஒற்றை எண்தான்: டிஸ்சார்ஜுக்குப் பின் திரும்பி வந்தார், ஆம். மற்ற தடவைகள் எதிலும் ஏறாது. இறந்த பிறகோ, "மறுபடி வரவில்லை". குணமாகி வீட்டில் இருப்பவருக்கும் அதே பதிவு!

நூறு நோயாளிகள் என்று வைத்துக்கொள்வோம். முப்பது பேர் ஆண்டுத் தொடக்கத்திலேயே இறக்கிறார்கள். மீதி எழுபது பேரும் இரண்டு முறை படுக்கிறார்கள். மொத்தம் 140. யாருமே சாகாத வார்டில் 200. சாகவிட்ட வார்டுக்குத்தான் நல்ல பெயர். சரி, இறந்தவர்களை வேலைக்காக ஜொகூர் பாருவுக்குக் குடிபோனவர்களைப் போல் பாவித்தால்? அவர்களும் இரண்டு முறை வந்திருப்பார்கள் என்று கணக்கு 200க்கு ஏறும். குடிபோனவர் அங்கே வார்டில் படுக்கலாம். இறந்தவர் எங்கே படுப்பார்?

இதற்கு வழி உண்டு. புள்ளியியலாளர்கள் டெபாஷிஸ் கோஷும் டான்யூ லின்னும் மரணத்தையும் சேர்த்தே, மறுபடி மறுபடி வார்டில் படுப்பது போன்ற மறுநிகழ்வுகளின் சராசரியைக் கணிக்கும் முறையை 2000இல் வெளியிட்டார்கள். 'ஆர்' மென்பொருளின் 'மெட்ஸ்' தொகுப்பில் அது இருக்கிறது. அடிக்கடி படுப்பவரே சீக்கிரம் சாகக்கூடியவராகவும் இருப்பார் அல்லவா, அந்தத் தொடர்பைப் பிடிக்க 'ஃப்ரெயில்டிபேக்' என்ற இன்னொரு தொகுப்பு. ஒரு சென் செலவில்லை. எக்செல் போதும் என்கிற அதிகாரிகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

தரவும் நம் வாசலிலேயே இருக்கிறது. மோனாஷ் பல்கலைக்கழகத்தின் 'சீக்கோ' ஆய்வுத்தளம் 2011இல் சிகாமட்டில் தொடங்கியது. சாஆ, பெக்கோக் உட்பட ஐந்து முக்கிம்களில் ஏறத்தாழ 40,000 பேரை வீடு வீடாகப் பின்தொடரும் திட்டம் அது. யார் இறந்தார், யார் குடிபோனார் என்று பிரித்துச் சொல்ல இப்படிப்பட்ட பதிவுதான் வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், இந்தியர்களில் 31.4. வார்டில் மறுபடி படுப்பவர்களின் கணக்கு பிசகினால் அடி முதலில் யாருக்கு விழும் என்று தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருவர் சராசரியாக எத்தனை முறை வார்டுக்கு வந்தார் என்று ஒரு கோடு, எத்தனை பேர் இறந்தார்கள் என்று பக்கத்திலேயே இன்னொரு கோடு. இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சிடாத அறிக்கையை வைத்து எந்த வார்டுக்கும் கேடயம் கொடுக்காதீர்கள்.