பாமாயில் பாக்கெட்டில் புண்ணாக்கு வருமா?

 

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் நாம் மல்லாட்டை என்கிறோம், மணிலா என்கிறோம். மேற்கே போனால் கடலைக்காய். பெயர் எதுவானாலும் நம் வீட்டு வடையும் முறுக்கும் அதிரசமும் வெந்தது அந்த எண்ணெயில்தான். இன்றைக்கு மல்லாட்டை போடுகிறவன் வீட்டு அடுப்பிலேயே மலேசியா, இந்தோனேசியா பாமாயில் கொதிக்கிறது. இது தானாக நடந்ததா? நடத்தி வைத்தார்கள்.

"கடலெண்ணெய் ஊத்தினா கொலஸ்ட்ரால் ஏறும்" என்று முதலில் பயம் காட்டினார்கள். செடியில் விளையும் எந்த எண்ணெயிலும் பேருக்குக்கூட கொலஸ்ட்ரால் கிடையாது. பார்க்க வேண்டியது நிறைகொழுப்பை. கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது. பாமாயிலில் ஏறக்குறைய சரிபாதி! ஆலிவ் எண்ணெயில் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்கிறார்களே ஒலீயிக் அமிலம், அதுதான் கடலை எண்ணெயிலும் பெரும்பங்கு. வைட்டமின் ஈ-யும் உண்டு. எந்த எண்ணெயும் அளவோடுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் நம் எண்ணெயை வில்லனாக்கி வேறு எண்ணெயை விற்றது வியாபாரம், வைத்தியம் அல்ல.

இனி அரசாங்கக் கணக்குக்கு வருவோம். 1986-ல் மத்திய அரசே எண்ணெய் வித்துக்கென்று தொழில்நுட்ப இயக்கம் தொடங்கியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாடு கிட்டத்தட்ட தன்னிறைவு கண்டது. சாதித்தது யார்? மானாவாரி விவசாயி. கூலி என்ன கிடைத்தது? 1994-ல் பாமோலின் இறக்குமதிக்குக் கதவைத் திறந்தார்கள். 65 சதவீதமாக இருந்த வரி 1998-க்குள் 15 ஆனது. 2008-ல் கச்சா எண்ணெய்க்கு வரியே இல்லை என்றார்கள். 2024 செப்டம்பரில் அடிப்படை வரியை 20 சதவீதமாக ஏற்றியபோது, சரி, இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்தோம். 2025 மே மாதக் கடைசியில் அதையே 10 ஆக்கிவிட்டார்கள். மானாவாரி விதைப்புக்கு நாம் விதைக்காய் உடைத்துக்கொண்டிருந்த நேரம் அது! விதைக்கும்போது வரியைக் குறைத்தால் அறுக்கும்போது விலை என்ன ஆகும் என்று டெல்லியில் இருப்பவர்களுக்குத் தெரியாதா?

தமிழக அரசும் சளைத்ததில்லை. 2007-ல் சிறப்புத் திட்டத்தில் ரேஷனுக்குப் பாமாயில் வந்தது. 25 ரூபாய்க்கு வாங்குகிற ஏழைத் தாயை நாங்கள் குறை சொல்லமாட்டோம். மானியப் பணம் எவன் தோட்டத்துக்குப் போகிறது என்பதுதான் நம் கேள்வி.

மல்லாட்டை வெறும் எண்ணெய் இல்லை, ஐயா. செக்கில் ஆட்டினால் மாட்டுக்குப் புண்ணாக்கு. கொடி, தீவனம். தோல், அடுப்புக்கும் பாய்லருக்கும். வேர் முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்து. களை எடுக்க, காய் ஆய, பருப்பு உடைக்க ஊர்ப் பெண்களுக்கு வேலை. பாமாயில் பாக்கெட்டைப் பிழிந்தால் என்ன மிச்சம்? பிளாஸ்டிக் உறை.

"கடலெண்ணெய் விலை கட்டுபடியாகாது" என்பார்கள். கணக்குப் போடுவோம். 100 கிலோ காயை உடைத்தால் பருப்பு சுமார் 70 கிலோ. செக்கில் ஆட்டினால் எண்ணெய் 30 லிட்டர், புண்ணாக்கு 40 கிலோ. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். புண்ணாக்கை கிலோ 50 என்று கழித்தாலும் லிட்டருக்குக் காய் விலை மட்டும் 175 ரூபாய். உடைப்புக் கூலி, ஆட்டுக் கூலி, பாட்டில், கமிஷன் வேறு. அப்படியிருக்க 150 ரூபாய்க்கு "சுத்தமான கடலை எண்ணெய்" என்று ஒருவன் கொடுத்தால் இரண்டில் ஒன்று. விவசாயி வயிற்றில் அடித்திருக்கிறான், இல்லை எண்ணெயில் எதையோ கலந்திருக்கிறான். பெரும்பாலும் இரண்டும்.

கலப்பதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. கலப்பு எண்ணெய் என்ற பெயரில் இரண்டு எண்ணெயைச் சேர்க்கலாம், ஒவ்வொன்றும் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். 20 பங்கு கடலையைச் சேர்த்துவிட்டு அட்டை முழுக்கக் கடலைப் படம்! எது எத்தனை சதவீதம் என்று உறையில் அச்சிட்டிருக்க வேண்டும். தாய்மார்களே, படத்தைப் பார்க்காதீர்கள், பொடி எழுத்தைப் படியுங்கள்.

நம் பக்கத்துக்கும் ஒரு சொல். ஈரக்காயை அம்பாரம் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும், அஃப்ளடாக்சின் நஞ்சு சேரும். அது ஈரலைக் கெடுக்கும். செக்கில் ஆட்டினாலும் போகாது. எட்டு சதவீத ஈரத்துக்குக் காய்ந்த பிறகே மூட்டை பிடியுங்கள். ஆனால் காயவைக்கக் களமும் தார்ப்பாயும் எங்கே? விற்பனைக் கூடத்தில் மழை வந்தால் வியாபாரி மூட்டை உள்ளே, நம் மூட்டை வெளியே. மறுநாள் "ஈரம்" என்று விலையைக் குறைப்பதும் அதே வியாபாரி.

நாம் கேட்பது இதுதான். ரேஷனில் பாமாயிலுக்குக் கொடுக்கும் மானியத்தை நம் கடலை எண்ணெய்க்குக் கொடு. காயை ஆதரவு விலைக்குக் கூட்டுறவு மூலம் கொள்முதல் செய், உள்ளூர் செக்கில் ஆட்டு. விதைப்பு முதல் அறுவடை வரை இறக்குமதி வரியில் கைவைக்காதே. ஒவ்வொரு விற்பனைக் கூடத்திலும் உலர்களம் கட்டு.

மாதக் கடைசியில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குத் திரண்டு வாருங்கள். ஆளுக்கு ஒரு படி மல்லாட்டையும், வீட்டில் கிடக்கும் காலி பாமாயில் உறையும் கையில் இருக்கட்டும். இரண்டையும் ஆட்சியர் மேசையில் வைத்துவிட்டுப் பேசுவோம்.